பாட்டிலில் தெரிந்த நிறம் நகத்தில் எங்கே போனது? – கேள்வி பதில்

காந்தத்துக்கு இழுபடுவது, சூட்டுக்கு நிறம் மாறுவது, கையைத் திருப்பினால் வேறு நிறம் காட்டுவது, தானாக வெடித்து விரிசல் விடுவது. இந்த வகை விசேஷ நெயில் பாலிஷ்களை வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. "பாட்டில் போலியா?" என்பதுதான் பலருடைய சந்தேகம். பெரும்பாலும் பாட்டில் மேல் தப்பிருக்காது. சாதா பாலிஷ் பூசுகிற பழக்கத்திலேயே இதையும் பூசியிருப்பார்கள்.

கேள்வி (மதுரை): கேட்-ஐ பாலிஷ் வாங்கினேன். காந்தம் வைத்தால் நடுவில் பளிச்சென்று கோடு வருது. காயறதுக்குள்ள கலைஞ்சு மங்கிடுது. காந்தம் சரியில்லையா?

காந்தத்தைவிட நேரக்கணக்கில்தான் சிக்கல். பாலிஷுக்குள் இருப்பது காந்தத்துக்கு இழுபடும் மெல்லிய துகள்கள். பாலிஷ் திரவமாக இருக்கும்வரைதான் அவை திரும்பும், நகரும். ஐந்து நகத்துக்கும் பூசிவிட்டுக் காந்தத்தை எடுத்தால் முதல் நகம் அதற்குள் ஆடை கட்டியிருக்கும். நேர்மாறாக, பூசியவுடனே இரண்டு வினாடி காட்டிவிட்டு எடுத்தால், இன்னும் தளர்வாக இருக்கும் பாலிஷில் துகள்கள் மறுபடி கலைந்துவிடும்.

செய்ய வேண்டியது: முதல் பூச்சை மெல்லிசாகப் போட்டு நன்றாகக் காயவிடுங்கள், இதற்குக் காந்தம் வேண்டாம். இரண்டாவது பூச்சைக் கொஞ்சம் தாராளமாக, ஒரே ஒரு நகத்துக்கு மட்டும் போடுங்கள். உடனே காந்தத்தை 2–3 மி.மீ. உயரத்தில் பிடித்து, 20 முதல் 30 வினாடி ஆடாமல் வையுங்கள். கை நடுங்கினால் சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகுதான் அடுத்த நகம். டாப் கோட் (கடைசியில் மேலே போடும் நிறமற்ற பூச்சு) போடும்போது அதன் கரைப்பான் கீழே இருக்கும் பாலிஷை இளக்கும், கோடு மறுபடி மங்கும். அதனால் டாப் கோட் ஈரமாக இருக்கும்போதே இன்னொரு முறை காந்தத்தைக் காட்டுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது.

காந்தம் எந்த வடிவம் தரும் என்று தெரிய நகத்தில் சோதிக்க வேண்டாம், பாட்டிலின் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பாருங்கள். உள்ளே கோடு தெரியும். ஆனால் காந்தத்தையும் பாட்டிலையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், துகளெல்லாம் ஒரு பக்கச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தின் இழுவை இதற்குப் போதாது.

கேள்வி (சென்னை): சூட்டுக்கு நிறம் மாறும் பாலிஷ். ஊதாவும் பிங்க்கும் என்று போட்டிருந்தது. எனக்கு எப்பவும் பிங்க் மட்டும்தான். ஏமாத்திட்டாங்களா?

எந்த மாதத்தில் வாங்கினீர்கள் என்று சொல்லியிருக்கலாம்! இந்த பாலிஷில் நுண்ணிய உறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாயம், அதைத் தூண்டும் மென்மையான அமிலம், மெழுகு போன்ற ஒரு பொருள். குளிர்ச்சியில் மெழுகு இறுகியிருக்கும், சாயம் நிறம் காட்டும். சூடானால் மெழுகு உருகும், சாயமும் அமிலமும் பிரியும், நிறம் மறையும். பின்னால் கலந்திருக்கும் சாதா நிறம் மட்டும் மிஞ்சும். உங்கள் பிங்க் அதுதான்.

இந்த வகையில் பரவலாக உள்ள மாறு வெப்பம் 31 டிகிரி செல்சியஸ் அளவு. மே மாதச் சென்னையில் அறையின் சூடே அதைத் தாண்டும். குளிர்ந்த ஜூஸ் டம்ளரைப் பிடித்துப் பாருங்கள், ஊதா வந்துவிடும். ஒரே நகத்தில் இரண்டு நிறமும் சேர்ந்து தெரிய வேண்டுமானால், விரலைத் தாண்டி 3–4 மி.மீ. நகம் வளர்ந்திருக்க வேண்டும். சதையோடு ஒட்டிய பகுதி உடற்சூட்டில் வெளிறும், நுனி ஏ.சி. குளிரில் அடர்ந்து நிற்கும். ஒட்ட வெட்டிய நகத்துக்கு இந்த பாலிஷ் காசுக்குக் கேடு.

ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தும் மாறவில்லையென்றால் உறைகள் செத்துவிட்டன என்று பொருள். நேர் வெயிலும், கெட்டிப்பட்ட பாட்டிலில் ஊற்றிய ரிமூவரும் அவற்றைக் கொல்லும். இந்த பாலிஷை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்காமல் வாங்கிய சூட்டோடு போட்டுத் தீர்ப்பதே நல்லது.

கேள்வி (கோவை): மல்டிக்ரோம் – பச்சை, நீலம், ஊதா மூணும் மாறி மாறித் தெரியும்னு வாங்கினேன். மூணு கோட் போட்டும் சாம்பல் பூசின மாதிரி இருக்கு.

கீழே என்ன பூசினீர்கள்? வெறும் நகமோ வெளிர் நிறமோ என்றால் அப்படித்தான் இருக்கும்.

பர்ஸில் இருக்கும் புதிய 500 ரூபாய் நோட்டை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். அதுபோன்ற வித்தைதான் இங்கேயும். மைக்கா போன்ற செதில் மேல் மிக மெல்லிய படலம் பூசியிருப்பார்கள். படலத்தின் மேல்பக்கத்திலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறத்தைத் தூக்கிக் காட்டும், இன்னொன்றை அமுக்கும். கோணம் மாறினால் நிறம் மாறும். செதிலில் பட்டுத் திரும்பாத ஒளி உள்ளே கடந்து போகும். கீழே கறுப்பு இருந்தால் அது விழுங்கிவிடும். வெள்ளையோ தோல் நிறமோ இருந்தால் திருப்பி அனுப்பி, மேலே உள்ள நிறத்தை அலசிவிடும்.

ஆகவே ஒரு கோட் கறுப்பு, முழுக்கக் காய்ந்தபின் மல்டிக்ரோம் இரண்டு மெல்லிய கோட். செதிலின் நடுவில் அலுமினிய அடுக்கு வைத்த விலை உயர்ந்த வகைகளும் உண்டு. அவற்றில் ஒளி ஊடுருவாது, கறுப்பு இல்லாமலே நிற்கும். எது என்று தெரிய வெள்ளைக் காகிதத்தில் ஒரு தீற்று, கறுப்பு அட்டையில் ஒரு தீற்று இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கறுப்பு தேவையில்லை.

கேள்வி (அதே வாசகி): ஹோலோவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. ஹோலோவின் துகள்களில் சி.டி. தட்டின் அடிப்பக்கம் போல நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். அவை ஒளியைப் பிரித்து வானவில்லாக விரிக்கும். ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளி வேண்டும்: வெயில், செல்போன் டார்ச். டியூப் லைட்டில் வெள்ளிச் சாம்பலாகத்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டுக் கடையில் சண்டை போட வேண்டாம். பூசும்போது நகத்துக்கு மூன்றே இழுப்பு, நடு, இடம், வலம். நாலாவது முறை தேய்த்தால் பாதி காய்ந்த கோட் பெயர்ந்து வழுக்கை விழும். டாப் கோட் சில ஹோலோக்களை மங்கவைக்கும், முதலில் ஒரு நகத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): கிராக்கிள் பாலிஷ் வெடிக்கவே மாட்டேங்குது.

2011இல் ஓ.பி.ஐ. என்ற நெயில் பாலிஷ் நிறுவனம் பாடகி கேட்டி பெர்ரி பெயரில் 'பிளாக் ஷாட்டர்' வெளியிட்டபோது உலகமே பூசிய சமாசாரம் இது, பழைய பாட்டில்கள் இன்னும் சுற்றுகின்றன. மேல் பூச்சு சட்டென்று காய்ந்து சுருங்கும், கீழே வழவழப்பான பரப்பில் பிடிமானம் கிடைக்காமல் பிளக்கும். ஆகவே கீழ்க்கோட் பளபளப்பாக, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மேட் பாலிஷ் மேல் சரியாக வெடிக்காது. கிராக்கிள் ஒரே கோட், ஒரே இழுப்பு. பூசிய இடத்தில் மறுபடி பிரஷ் பட்டால் அந்த இடம் வெடிக்காது. மெல்லிசாக இழுத்தால் நுண்விரிசல், தடிமனாக இழுத்தால் பெரிய பிளவு. விரிசல் பிரஷ் போன திசையிலேயே ஓடும். காய்ந்தால் சொரசொரப்பாக இருக்கும், டாப் கோட் கட்டாயம்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): வாட்டர் மார்பிளிங் (தண்ணியில பாலிஷ் சொட்டி, மிதக்கிற படலத்துல குச்சியால கோலம் போட்டு, அதை நகத்துல ஒட்ட வைக்கறது) பத்து தடவை செஞ்சாச்சு. சொட்டு விட்டதும் உருண்டையா அடியில போய் உட்காருது, இல்லன்னா பரவினாலும் குச்சி வைச்சா மொத்தமும் கூட வருது. எங்க தப்பு?

இரண்டும் இரண்டு தப்பு.

அடியில் போய் உட்கார்ந்தால், தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, அல்லது பாலிஷ் பழசாகிக் கெட்டியாகிவிட்டது, அல்லது உயரத்திலிருந்து விடுகிறீர்கள். கேன் தண்ணீரை அறைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். வாய் 6–7 செ.மீ. அகலமுள்ள பேப்பர் கப் போதும், முக்கால் அளவு நிரப்புங்கள். பிரஷ்ஷிலிருந்து சொட்டு தொங்கி, தண்ணீரைத் தொடும் நெருக்கத்தில் தானாக விழ வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் எண்ணெய் போலச் சட்டென்று வட்டமாக விரியும். விரியாத பாலிஷை ஒதுக்கிவிட்டு வேறு நிறம் எடுங்கள். சீக்கிரம் காயும் என்று விற்கும் பாலிஷ்கள் இதற்கு உதவாது.

குச்சியோடு கூட வந்தால், படலம் காய்ந்துவிட்டது. முதலில் ஃபேனை நிறுத்துங்கள். எல்லா பாட்டில் மூடிகளையும் முன்கூட்டியே திறந்து வைத்து, இரண்டு மூன்று நிறத்தை மாற்றி மாற்றி ஐந்தாறு சொட்டு விடுங்கள், சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இரண்டு வினாடிக்கு மேல் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள முதல் வளையம் அதற்குள் காய்ந்து கப்பைப் பிடித்திருக்கும், அதைத் தொடாதீர்கள். உள்ளே உள்ள வளையத்தில் பல்குத்தும் குச்சியின் நுனியை மட்டும் வைத்து, பூவிதழ் போல இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நுனியைத் துடையுங்கள்.

நகத்துக்கு முன்பே வெள்ளை பாலிஷ் பூசிக் காயவிட்டிருக்க வேண்டும். விரலைச் சுற்றி செல்லோ டேப் ஒட்டுங்கள். நகம் படலத்துக்கு இணையாகப் படும்படி விரலை முக்கி, தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள். மிதக்கும் மிச்சப் படலத்தை இன்னொரு கையால் குச்சியில் சுருட்டி எடுத்த பிறகே விரலை வெளியே எடுங்கள். அவசரப்பட்டால் மிச்சமும் நகத்தில் ஒட்டி இரட்டைக் கோலமாகிவிடும். அந்தத் தண்ணீரைச் சிங்கில் கொட்டும் முன் படலம் முழுக்க எடுத்துவிடுங்கள், குழாய்க்குள் ஒட்டும்.

கேள்வி: கொப்புளம் கொப்புளமா வருது, எந்த பாலிஷ் போட்டாலும்.

ஃபேன் காற்றில் உட்கார்ந்து பூசுகிறீர்கள். மேல் பகுதி முதலில் காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே மாட்டிய கரைப்பான் ஆவி கொப்புளமாக எழும். ஜன்னலைத் திற, ஃபேனை நிறுத்து, பூச்சை மெல்லிசாக்கு. பாட்டிலை மேலும் கீழும் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். கெட்டியாகியிருந்தால் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு. ரிமூவர் வேண்டவே வேண்டாம். பாலிஷ் எளிதில் தீப்பிடிக்கும், விளக்கு அருகிலும் அடுப்படியிலும் பூசாதீர்கள்.

கேள்வி (காயல்பட்டினம்): கிளிட்டர் போட ஆசை. உளூ (தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவறது) செய்யறதுக்கு முன்னாடி நகத்துல படலம் எதுவும் இருக்கக்கூடாது. தேய்ச்சுத் தேய்ச்சு நகமே சொரசொரன்னு ஆயிடுச்சு.

பீல்-ஆஃப் பேஸ் கோட் (உரித்து எடுக்கும் அடிப்பூச்சு) வாங்குங்கள். இதில் பல ஃபெவிகால் வகைப் பசையைப் போன்றவைதான். ஒரு கோட் பூசி, வெள்ளை மறைந்து கண்ணாடி போலானதும் மேலே கிளிட்டர். எடுக்கும்போது வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, ஓரத்தைக் குச்சியால் நெம்பினால் தொப்பி போலக் கழன்று வரும். பாத்திரம் துலக்கும் நாளில் தானாகவே கழன்றுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே நேரடியாகப் பூசிய கிளிட்டருக்கு: பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, பத்து நிமிடம் கழித்து அழுத்தி ஒரே இழுப்பு. தேய்க்காதீர்கள், பின்னர் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மருதாணி வைச்ச நகத்து மேல போடலாமா?

தாராளமாக. மருதாணிச் சிவப்பு ரிமூவருக்குப் போகாது, அதனால் அதையே அடி நிறமாக வைத்து மேலே நிறமற்ற ஹோலோ டாப்பர் ஒரு கோட் போட்டால் அருமையாக இருக்கும். மருதாணி நிறம் ஏறத் தடவிய எண்ணெயை மட்டும் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளே உரியும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கியூடெக்ஸ் (நெயில் பாலிஷ்) பூசி ரெண்டு நாளிலயே நுனி உரியுது. ஜெல் கிட் வாங்கினால் நிற்குமா?

நிற்கும், ஆனால் வீட்டுக்கு அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. விளக்கொளியில் முழுக்க இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு, அதிலுள்ள மெத்தாக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வந்தால் அது பொதுவாக வாழ்நாளுக்கும் விடாது. பல் அடைப்பதிலும், செயற்கை மூட்டைப் பொருத்தும் எலும்புச் சிமெந்திலும் அதே இனப் பொருள்தான், பின்னாளில் அங்கேயும் தொல்லை வரலாம். ஜெல்லை இறுகவைக்கும் டி.பி.ஓ. என்ற சேர்மத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. சாதா பூச்சிலேயே நுனியின் வெட்டு விளிம்பில் பேஸ், கலர், டாப் மூன்றையும் ஒரு தீற்றுத் தீற்றி மூடிவிடுங்கள். உரிதல் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுக்கணுமா?

ஆபரேஷன் என்றால் முழுக்க எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் நகத்தின் வழியே ஒளி பாய்ச்சித்தான் அளக்கிறது. அடர் நிறமும் கறுப்பு பேஸும் அளவைக் குழப்பக்கூடும். சாதாரணப் பரிசோதனைக்கு ஒரு சுட்டுவிரலைச் சுத்தமாக வைத்தால் போதும்.