பழைய பக்கி கார்களும் நம்ம மலைப் பாதைகளும்: கேள்வி பதில்

ஹட்டனில் ரேடியோ, டிவி திருத்துவதுதான் என் தொழில். ரிமோட்டில் ஓடும் பழைய பக்கி கிட்டுகள் என் பைத்தியம். 1988இல் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஹோர்னெட், ஜப்பானின் தமியா கம்பெனி பக்கி, இன்னும் என்னிடம் ஓடுகிறது. கேட்பதைக் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகிவிட்டது, ஒரு வாரத்தில் இவ்வளவு வந்திருக்கின்றன. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கொட்டகலை: இப்போது கிடைக்கும் ஹோர்னெட்டும் பழையதும் ஒன்றா? கிராஸ்ஹொப்பர் வாங்கினால் போதுமா?

ஹோர்னெட், கிராஸ்ஹொப்பர் இரண்டும் 1984இல் வந்தவை. ஹோர்னெட் 2004இலும் கிராஸ்ஹொப்பர் அடுத்த வருடமும் மறுபடி வெளிவந்தன. அடிச்சட்டம் இரண்டுக்கும் ஒரே தொட்டி மாதிரியான பிளாஸ்டிக்தான். ஆனால் கிராஸ்ஹொப்பருக்கு சின்ன 380 மோட்டார், ஹோர்னெட்டுக்கு 540. தரையில் இரண்டும் சுகம். தோட்டத்து ஏற்றத்தில் 380 பாதியில் மூச்சு வாங்கும். நம் பக்கத்துக்கு ஹோர்னெட்.

நோர்வூட்: புது கிட், பாதி ஸ்குரூ தலைகள் மொட்டையாகிவிட்டன. சாமான் மட்டமா?

சாமான் மட்டமில்லை தம்பி, உங்கள் ஸ்குரூ டிரைவர்தான் பிழை. ஜப்பான் கிட்டுகளில் வரும் ஸ்குரூக்கள் ஜே.ஐ.எஸ் என்ற அளவுக்கு வெட்டியவை. பார்க்க நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் நட்சத்திரம் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே வழுக்கி வந்து தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ் முனை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மோட்டாருக்குச் செலவழிப்பதற்கு முன்னால்.

இன்னொன்று. பிளாஸ்டிக்கில் போகும் ஸ்குரூவை முதல் தடவை மெதுவாக இறக்கி, அரைச் சுற்று திருப்பி எடுத்து, மறுபடி இறக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்பினால் பழைய புரியில் 'டிக்' என்று விழும், அப்புறம் இறுக்குங்கள். ஸ்குரூ பூட்டும் பசையை இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் மட்டும் வையுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும். அப்படி ஒரு அடிச்சட்டத்தை நானே கெடுத்திருக்கிறேன்.

நுவரெலியா: மேல்கூட்டுக்கு ஸ்பிரே அடித்தேன், வெள்ளையாகப் படர்ந்துவிட்டது.

மூடுபனியில் அடித்திருப்பீர்கள். பெயின்ட் காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிகிறது, அந்த வெள்ளைதான் அது. உங்கள் ஊர் ஆறாயிரம் அடி உயரம், மாலை மூன்று மணிக்குமேல் பெயின்டைத் தொடவே வேண்டாம். வெயில் வந்து பனி விலகிய காலையில், டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். கொதிநீர் ஆகாது, டின் வெடிக்கும்.

ஹோர்னெட்டின் கூடு ஒளி ஊடுருவும் பொலிகார்பனேட். அதற்கு உள்பக்கமாக, தமியாவின் பி.எஸ் வரிசைப் பெயின்ட். கிராஸ்ஹொப்பரின் கூடு கட்டிப் பிளாஸ்டிக். அதற்கு வெளியே, டி.எஸ் வரிசை. மாற்றி அடித்தால் வேலை கெடும்.

லிந்துலை: லிப்போ பேட்டரி போடலாமா?

லிப்போ என்றால் லித்தியம் பாலிமர் பேட்டரி. எலக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு இருந்து, அதில் வோல்ட் இறங்கியதும் மின்சாரத்தை நிறுத்தும் லிப்போ வெட்டு வசதியும் இருந்தால் இரண்டு செல் போடலாம். பழைய இயந்திர வகைக் கட்டுப்பாட்டோடு போடவே கூடாது. லிப்போவின் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், அதை மறுபடி சார்ஜ் போடும்போது தீப்பிடிக்கவும் கூடும். இயந்திர வகைக்கு வோல்ட் இறங்குவது தெரியாது, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். பேட்டரிக் கட்டை சதுர மூலையோடு இருந்தால் தொட்டிக்குள் இறங்காமலும் போகலாம், அளந்து வாங்குங்கள்.

பதுளை: இயந்திர வேகக் கட்டுப்பாட்டை ஏன் எல்லாரும் கழற்றி எறியச் சொல்கிறீர்கள்? அதுதானே காரின் உயிர்? எலக்ட்ரானிக் போட்ட பழைய கார், பல்லுக் கட்டிய கிழவன்.

அண்ணே, பல்லுக் கட்டினால்தான் கிழவன் கரும்பு கடிப்பான்.

எறி என்று நான் சொல்லவில்லை. அது என்ன செய்கிறது என்று பாருங்கள். சர்வோ என்ற சின்ன மோட்டார் ஒரு கையை நகர்த்துகிறது, கை செப்புத் தகடுகள்மேல் உரசிப் போகிறது. முழு வேகத்தில் மின்சாரம் நேரே மோட்டாருக்கு. மெது வேகத்தில் வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் வழியாக, அதாவது பாதி பேட்டரியை அடுப்பெரித்துத்தான் மெதுவாகப் போகிறோம். மட்டமான தரையில் இது தெரியாது. ஏனென்றால் எவரும் மெதுவாக ஓட்டுவதில்லை. நம் ஊரில் நிலைமை வேறு. கொழுந்து மலைப் படிப்பாதையில் மெதுவாக ஏறித்தான் ஆக வேண்டும். ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும், அது இரண்டு மடங்கானால் ரெசிஸ்டரின் சூடு நான்கு மடங்காகும். பக்கத்து வயரின் உறை உருகி வழிந்ததை நான் மேசைமேல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பதுளை, மறுபடி: எலக்ட்ரானிக் மழையில் நனைந்தால் செத்துப் போகும். என்னுடையதை உப்புத்தாளால் தேய்த்து அந்த இடத்திலேயே ஓட்டிவிடுவேன்.

இது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். நீர் புகாத எலக்ட்ரானிக் இப்போது கிடைக்கிறது என்றாலும், செத்தால் திருத்த முடியாது, என்னாலும் முடியாது. உங்களுடையதை ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடத் திருத்துவான். ஆனால் ஒரு விஷயம் சொல்லாமல் விட்டீர்கள். ரிமோட்டின் சைகையை வாங்கும் புது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரை அதோடு சேர்க்கும்போது ரிசீவருக்கு மின்சாரம் எங்கிருந்து? எலக்ட்ரானிக் வகை தானே வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். உங்களுடையது கொடுக்காது. 7.2 வோல்ட்டை நேரே கொடுத்து ரிசீவரை எரித்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். தனியாக நான்கு சின்ன பேட்டரிகள், இல்லாவிட்டால் வோல்ட் குறைக்கும் சின்னப் பலகை ஒன்று வேண்டும்.

மஸ்கெலியா: இந்தச் சண்டை எப்போது முடியும்? என் கார் சரிவில் குறுக்கே போனால் ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுழல்கிறது.

மன்னியுங்கள், நல்ல கேள்வி. இரண்டு பின்சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சியலின் குணமே அது. பாரம் குறைந்த சக்கரம் எதுவோ, சுற்று அதற்கே போய்விடும். கியர்பெட்டியைத் திறந்து, டிபரன்சியலின் சின்னப் பற்களுக்குள் மட்டும் தமியாவின் தடித்த 'ஆன்டி-வேர்' கிரீஸை அடைத்துவிடுங்கள். சுழற்சி இறுகும், இரண்டு சக்கரமும் இழுக்கும். வளைவில் கொஞ்சம் மூக்கு நேரே போகும், நம் சரிவுக்கு அது பரவாயில்லை. மற்றப் பற்களுக்கு மெல்லிய கிரீஸ், அதுவும் தடவல்தான். முழுப் பெட்டியையும் அடைத்துவிடாதீர்கள்.

திறந்த கையோடு பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு பேரிங் போடுங்கள். தமியாவில் பெரும்பாலும் 11க்கு 5 மில்லிமீட்டர் அளவுதான், பழையதை அளந்து பார்த்து வாங்குங்கள். காசு கொடுத்து மாற்றுவதென்றால் முதலில் இதைத்தான் மாற்றச் சொல்வேன்.

ஹப்புத்தளை: பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் எவ்வளவு வேகம் போகும்?

கியர்பெட்டி உடையும் வரை போகும்.

அக்கரப்பத்தனை: குண்டும் குழியுமான பாதையில் பின்பக்கம் தவளை மாதிரித் துள்ளுகிறது.

ஹோர்னெட் என்றால் துள்ளும். பின்பக்கம் கியர்பெட்டியும் அச்சும் ஒரே கட்டையாக அசைகிறது, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் அதன் கூடவே ஆடும். முழுசாகத் தீர்க்க முடியாது, குறைக்கலாம். பின் டேம்பரில், அதாவது அதிர்வு தாங்கியில், எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கார்களில் பாதிக்கு வற்றிப்போயிருக்கும். தமியா எண்ணெயில் மஞ்சள் 400. அதிலிருந்து இன்னும் தடித்த பச்சை 500க்குப் போய்ப் பாருங்கள். ஊற்றிய பின் பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் ஆட்டி, குமிழ் எல்லாம் வெளியேறிய பிறகுதான் மூட வேண்டும். முன்பக்கத்துக்கு எண்ணெய் தேடாதீர்கள், அங்கே வெறும் ஸ்பிரிங்தான்.

பண்டாரவளை: லிப்போ போடலாமா?

லிந்துலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கினிகத்தேனை: லிப்போ பற்றி...

லிந்துலை.

நுவரெலியா, வேறொருவர்: என் பெட்ரோல் என்ஜின் கார் மலைக்கு வந்ததும் புகைந்து திணறுகிறது.

என் பாடம் மின் மோட்டார். உயரத்தில் காற்று மெலிவதால் எரிபொருள் விகிதம் கூடிவிடும், ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும் என்பது வரைதான் நான் சொல்லலாம். மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் கை பழகிய ஒரு பாஸிடம் காட்டுங்கள்.

தலவாக்கலை, ஒரு அம்மா: மகளுக்கு ஒன்பது வயது. அவளாகவே பூட்ட முடியுமா?

முடியும், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால். ஸ்குரூப் பைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். சொன்ன பையை மட்டும் பிரிக்க விடுங்கள், எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினால் அன்றோடு சரி. சர்வோவில் கையைப் பூட்டுவதற்கு முன் ரேடியோவைப் போட்டு, சர்வோ நடுவில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களே அதை மறந்துவிட்டு, கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று என்னிடம் வருகிறார்கள்.

பதுளை, கடைசியாக: சரி தம்பி, உங்கள் 1988 ஹோர்னெட்டில் என்ன பூட்டியிருக்கிறீர்கள்?

மாட்டிவிட்டீர்களே அண்ணே. இயந்திர வகைதான், மாமா கொண்டுவந்த அதே துண்டு. ஆனால் அதை மலையில் ஏற்றுவதில்லை, மைதானத்தில் மட்டும். நிக்கல் பேட்டரி மட்டும். இரண்டு பேட்டரி ஓடி முடிந்ததும் தகட்டைத் தொட்டுப் பார்ப்பேன், விரல் வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. உப்புத்தாள் என்றீர்களே, சொரசொரப்பான தாளை எடுக்காதீர்கள், கீறலில்தான் பொறி பறக்கத் தொடங்கும். 1000 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்து, துளி கான்டாக்ட் கிரீஸ் தடவுங்கள்.