சியாட்டில் டிரைவ்-இன் பர்கர்: வீட்டில் ஏன் அந்த ருசி வருவதில்லை?

கேள்வி: சியாட்டிலில் இருந்தவரை டிக்ஸ் டிரைவ்-இன்னில் 'டீலக்ஸ்' பர்கர் வாங்கி, குழந்தைகளோடு காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். இப்போது டெக்சாஸுக்குக் குடிவந்துவிட்டோம். 93 சதவீதம் கறியும் 7 சதவீதம் மட்டுமே கொழுப்பும் உள்ள ஆர்கானிக் கொத்துக்கறி வாங்கி, முட்டை, வெங்காயம், மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து செய்தேன். நடுவில் புடைத்துக்கொண்டு, உள்ளே வறண்டு போய்விட்டது. இணையத்தில் 'ரகசிய சாஸ்' ஒரு பாட்டிலும் வாங்கினேன். அந்த ருசி கிட்டக்கூட வரவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, ப்ளேனோ

பதில்: தப்பு கறியில். நல்லது என்று நம்பி அதிகக் காசு கொடுத்து வாங்கினீர்களே, அந்தக் கறியில்தான்.

டிக்ஸ் கடை 1954-இல் சியாட்டிலின் வாலிங்ஃபோர்டு பகுதியில் 19 சென்ட் பர்கரோடு தொடங்கியது. டீலக்ஸ் என்று பெயர் இருந்தாலும் அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. எட்டில் ஒரு பவுண்டு, அதாவது 57 கிராம் எடையுள்ள மெல்லிய கறி வில்லைகள் இரண்டு, உருகிய சீஸ், லெட்டூஸ், மயோனைஸ், பொடியாக நறுக்கிய ஊறவைத்த வெள்ளரிக்காய். தக்காளி கிடையாது. கெட்சப்புக்குக்கூடத் தனியாகக் காசு. இவ்வளவு கொஞ்சமான சாமான்களில் ருசி எங்கிருந்து வருகிறது? சூடான இரும்பில் பட்டுச் சிவந்து முறுகிய கறியின் மேற்பரப்பிலிருந்துதான். ஒரே தடித்த வில்லைக்கு முகம் இரண்டு. அதே எடையை இரண்டு மெல்லிய வில்லைகளாகப் பிரித்தால் நான்கு. கடை உங்களுக்குக் கொடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

கல்லில் கறி சூடேறும்போது அதிலுள்ள புரதம் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். கொழுப்பு இருந்தால் அது உருகி, கறி தன் கொழுப்பிலேயே பொரியும். வாயில் வறட்சி தெரியாது. 93 சதவீதக் கறியில் பொரிய என்ன இருக்கிறது? உங்களுக்கு வேண்டியது 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. மாட்டின் தோள்பட்டைப் பகுதியான 'சக்' இயல்பாகவே இந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். கறிக்கடையில் ஒரு துண்டைக் கையால் காட்டி, கண்ணெதிரே அரைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

இந்த நாட்டின் லேபிள் சட்டத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. 'கிரவுண்ட் பீஃப்' என்று எழுதினாலும் 'ஹாம்பர்கர்' என்று எழுதினாலும் 30 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம். முதல் வகையில் தனியாகக் கொழுப்பைக் கொட்டிச் சேர்க்கக் கூடாது, இரண்டாவதில் சேர்க்கலாம். இந்த வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும்? வாங்குகிறவருக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதவைக்க ஓர் அரசாங்கத்தால் முடியாதா? இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். 'வாக்யு பர்கர்', 'கறிக்கடைக்காரரின் ஸ்பெஷல் கலவை' என்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். வாக்யு என்ற ஜப்பானிய மாட்டுக்கறியின் பெருமையே தசைக்குள் கோலம் போட்டதுபோல் ஓடும் கொழுப்பு இழைகள். அரைத்துவிட்டால் அந்தக் கோலம் ஏது? மிஞ்சுவது வெறும் விகிதம்தான்; அதைச் சாதாரண சக்கே தரும்.

சரி, அடுத்தது முட்டையும் வெங்காயமும். அவற்றைப் போட்டுப் பிசைந்தால் வருவது கட்லெட். நல்ல கட்லெட்டாகக்கூட இருக்கலாம், பர்கர் ஆகாது. உப்பையும் உள்ளே கலக்காதீர்கள். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து இறுக்கிப் பிணைக்கும்; கடித்தால் சாஸேஜ் மாதிரி ரப்பராக இழுக்கும். கறியை 57 கிராம் உருண்டைகளாக, பிடியும் பிடியாததுமாக உருட்டி, சமைக்கும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கரண்டியால் அழுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். வேகும் வில்லையை அழுத்தக் கூடாது, சாறு போய்விடும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் முதல் 30 விநாடிகளுக்கு இது பொருந்தாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உருண்டையில் கொழுப்பு இன்னும் கட்டியாக இருக்கிறது, சாறும் கறிக்குள்ளேயே இருக்கிறது. அப்போது அழுத்தினால் வெளியேற எதுவும் இல்லை. கறி கல்லோடு ஒட்டிப் பரவி முழுப் பரப்பும் சிவக்கும். அரை நிமிடம் கழிந்தபின் கொழுப்பு உருகியிருக்கும், சாறு விட்டிருக்கும். அழுத்தினால் எல்லாம் கல்லில்தான் ஓடும். ஆகவே ஒரே ஒரு தடவை, போட்டவுடன், முழு பலத்தோடு. உருண்டைக்கும் கரண்டிக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் துண்டு வைத்தால் ஒட்டாது. பன்னைவிடக் கொஞ்சம் அகலமாகப் பரப்புங்கள், வேகும்போது சுருங்கும். திருப்பியபிறகு ஆசைக்குக்கூட அழுத்தாதீர்கள். இதற்கென்று விற்கிற பர்கர் அச்சுகள் வேண்டாம். தட்டையான இரும்புக் கரண்டி போதும்.

கல் என்றால் வார்ப்பிரும்பு தோசைக்கல். நான்ஸ்டிக்கை இந்தச் சூட்டுக்கு ஏற்றவே கூடாது. லேசாகப் புகை எழும்வரை காயவிட்டு, உருண்டையை வைத்து அழுத்தி, மேலே உப்பும் மிளகும் தூவுங்கள். ஓரங்கள் பழுப்பாகி, மேலே சிவப்பு மறையத் தொடங்க ஒன்றரை நிமிடம் ஆகும். அடியோடு சுரண்டித் திருப்புங்கள்; அந்த முறுகல் கல்லில் தங்கிவிட்டால் பாதி ருசி போச்சு. உடனே சீஸ் போட்டு இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம்.

உள்ளே இளஞ்சிவப்பாக விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். முழுத் துண்டாகச் சமைக்கும் ஸ்டேக்கில் கிருமி மேற்பரப்போடு நிற்கும். அரைத்த கறியில் மேற்பரப்பே உள்ளே போய்விடுகிறது. நீங்கள் வாழ்ந்த வாஷிங்டன் மாநிலத்தில்தான் 1993-இல் சரியாக வேகாத பர்கர்களால் ஈ.கோலை கிருமியின் ஒரு கொடிய வகை பரவியது. மேற்கு மாநிலங்களில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். அந்த வகை ஈ.கோலை கலந்த கொத்துக்கறியை விற்பது குற்றம் என்று அறிவிக்க மத்திய அரசுக்கு 1994 வரை ஆனது. குழந்தைகள் போன பிறகு! உட்புறம் 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். இவ்வளவு மெல்லிய வில்லை சிவப்பு மறைய வெந்தும் வறண்டு போகாது, இந்த முறையின் பெரிய நன்மையே அதுதான்.

சீஸ் அமெரிக்கன் சீஸாகவே இருக்கட்டும். அதிலுள்ள உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பதால் வழவழவென்று உருகும். நல்ல செடார் எண்ணெய் கக்கும். 'சீஸ் புராடக்ட்' என்று எழுதியதை மட்டும் தவிருங்கள்.

சாஸுக்கு ரகசியம் எதுவும் இல்லை. மூன்று கரண்டி மயோனைஸுக்கு ஒரு கரண்டி டில் பிக்கிள் ரெலிஷ், அதாவது பொடியாக நறுக்கிய ஊறவைத்த வெள்ளரிக்காய். ரெலிஷை வடிகட்டியில் போட்டு நீரைப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பன் சொதசொதவென்று ஆகிவிடும். இனிப்பு வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை சர்க்கரை. இதைப் பாட்டிலில் அடைத்து 'ரகசியம்' என்று விற்பவர்களிடம் இனி ஏமாறாதீர்கள்.

பன் சாதாரண வெள்ளை பன், மெத்தென்று இருக்க வேண்டும். வெட்டிய பக்கத்தைக் கல்லில் லேசாக வாட்டி, சாஸ், பொடியாக நறுக்கிய ஐஸ்பெர்க் லெட்டூஸ், இரண்டு வில்லைகள் என்று அடுக்குங்கள். அப்புறம் உடனே சாப்பிடாமல் பட்டர் பேப்பரில் இறுக்கச் சுற்றி இரண்டு நிமிடம் வையுங்கள். உள்ளிருக்கும் ஆவியில் பன் இளகி, சீஸ் கறியோடு சேரும். காரில் பொட்டலத்தைப் பிரித்தபோது கிடைத்த அந்த மென்மை இதனால் வருவதுதான்.

ஒரு கல்லில் ஒரு நேரத்துக்கு இரண்டு வில்லைகளுக்குமேல் போடாதீர்கள், சூடு இறங்கிவிடும். புகை நிறைய வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.