காருக்குள் வரும் சாலைச் சத்தம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணா, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின் சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. நான்கு டோருக்கும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் விரிப்பு) வாங்கிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள். சொரசொரப்பான சாலையிலிருந்து புதுத் தார்ச் சாலைக்கு ஏறும் நொடியில் சத்தம் சட்டென்று இறங்கினால் அது டயர்ச் சத்தம். சாலை எதுவானாலும் ஒரே மாதிரி இருந்து, வேகத்தோடும் எதிர்க்காற்றோடும் மட்டும் கூடினால் காற்றுச் சத்தம். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்ததும் சத்தத்தின் சுருதி ஏறினால் இன்ஜின்.

டயர்ச் சத்தம் இரண்டு வழியில் உள்ளே வருகிறது. ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல் சஸ்பென்ஷன் வழியாக பாடிக்குள் ஏறி, தகடுகளை அதிர வைக்கிறது. அதற்கு மேலே உள்ள இரைச்சல் காற்று வழியாக இடுக்குகளிலும் மெல்லிய தகடுகளிலும் நுழைகிறது. இரண்டுக்கும் பெரிய வாசல் பின் வீல் ஆர்ச்சும் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுத் தகடு), ஸ்டெப்னி வைக்கும் பள்ளமும், முன் சீட்டில் கால் வைக்கும் தரையும்தான். டோர் அதற்குப் பிறகு.

கேள்வி: டயர் மாற்றினால் குறையுமா? லேபிளில் டெசிபல் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கலாமா?

பதில்: குறையும், பல கார்களில் வேறெதையும்விட அதிகமாகக் குறையும். ஆனால் லேபிளில் இருப்பது ஓடும் காருக்கு வெளியே, சாலையோரத்தில் மைக் வைத்து அளந்த எண். உள்ளே கேட்பதற்கு அது நேரடி அளவு ஆகாது. ஒரே அளவுள்ள இரண்டு டயர்களை ஒப்பிடும்போது மட்டும் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு முன் இருக்கிற டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் குறுக்கே இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் சீக்கிரமே ஊளையிடத் தொடங்கும். சுற்றளவில் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, டோர் பில்லரில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். மைலேஜுக்காகக் கூடுதலாக அடித்தால் ஒவ்வொரு சிறு கல்லும் உள்ளே கேட்கும். பக்கச்சுவர் உயரம் குறைந்த, அகலமான டயருக்கு மாறியிருந்தாலும் இதே கதிதான்.

கேள்வி: 60 கி.மீ. வேகத்தில் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். லேசாக இடப்பக்கம் திருப்பினால் கூடுகிறது. எந்த ஷீட் நல்லது?

பதில்: ஷீட் வேண்டாம். வலப்பக்க வீல் பேரிங்கை உடனே காட்டுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாய்கிறது, அதனால்தான் கூடுகிறது. இது சத்தம் பற்றிய விஷயம் அல்ல, பாதுகாப்பு பற்றியது.

கேள்வி: டயருக்குள்ளேயே ஸ்பாஞ்ச் ஒட்டி வருகிறதே, அதை நாமே ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். டயருக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய 200 முதல் 250 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். சாலை இணைப்புகளில் ஏறி இறங்கும்போது பானையைத் தட்டியது போல ஒரு 'ணங்' கேட்கும். அந்த ஸ்பாஞ்ச் அதற்கு மட்டும்தான். பொடிக்கல் சாலையின் இரைச்சலை அது தொடாது. கையால் ஒட்டினால் பேலன்ஸ் கெடும், கழன்றால் உள்ளே உருளும்.

கேள்வி: பியூட்டைல் ஷீட்டை எப்படி ஒட்டுவது என்று படிப்படியாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: டேம்பிங் ஷீட்டில், அலுமினியப் படலம் மேலே உள்ள 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட் போதும். பியூட்டைல் காரின் தகட்டோடு சேர்ந்து இழுபடுகிறது, மேலே உள்ள அலுமினியம் அதை இழுபட விடாமல் பிடிக்கிறது. இந்த இழுபறியில் அதிர்வு வெப்பமாகக் கரைகிறது. அலுமினியம் டிஷ்யூ போல மெல்லியதாக இருந்தால் இந்த வேலை நடக்காது. 0.1 மி.மீ. தடிமனாவது பாருங்கள்.

சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்குப் போவது. அது கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள், எச்சரிக்கை விளக்கு நிலைத்துவிடும். கார்பெட்டை எடுத்ததும் தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டங்' என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். 'தொப்' என்றால் விட்டுவிடுங்கள். தொழிற்சாலையிலேயே ஒட்டிய தார்ப் பட்டைகளைப் பெயர்க்க வேண்டாம், அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகு ஷீட்டை வைத்து, ரோலரால் அழுத்தித் தேயுங்கள். அலுமினியத்தில் உள்ள மேடுபள்ள அச்சு மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் குத்தி, காற்றை விரட்டுங்கள். தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு மூடினாலே பெரும் பலன் கிடைத்துவிடும்.

டோரில் செய்யும்போது அடிப்பக்கத்து வடிகால் துளைகளை மூடாதீர்கள். மூடினால் மழைநீர் உள்ளே தேங்கி, கீழ் மடிப்பு துருப்பிடிக்கும். கண்ணாடி இறங்கும் பாதையையும் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். டோரின் உள்பலகைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் திரையை அதன் பசையோடு முழுச் சுற்றும் திரும்ப ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தரை கார்பெட் நனையும்.

கேள்வி: கால் பங்கு என்பது தவறு. முழுக்க ஒட்டினால் எடை கூடும், எடை கூடினால் தடுப்பும் கூடும். இது அடிப்படை இயற்பியல்.

பதில்: இயற்பியல் சரி, கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 0.7 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 5.5 கிலோ. 2 மி.மீ. பியூட்டைல் சுமார் 3 கிலோ. முழுக்க ஒட்டினால் 8.5 கிலோ. எடை இரட்டித்தால் 6 டெசிபல் என்ற விதிப்படி, ஏட்டளவில் 4 டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். கால் பங்கு ஒட்டினால் 1 டெசிபல். ஆக, தடுப்பில் உங்களுக்கு 3 டெசிபல் கூடுதல். ஆனால் தகட்டின் அதிர்வை அடக்குவதில் முதல் கால் பங்குக்குப் பிறகு கிடைக்கும் பலன் வேகமாகத் தேய்கிறது.

கேள்வி: அப்படியானால் 3 டெசிபலை ஏன் விட வேண்டும்?

பதில்: அதே கிலோவை வேறு இடத்தில் போட்டால் அதைவிட அதிகம் கிடைப்பதால். தகட்டின் மேல் 6 மி.மீ. மூடிய துளை ஃபோம், அதன் மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் விரிப்பு. நடுவில் ஃபோம் பிரித்து நிற்பதால் இது இரட்டைச் சுவர் போல நடக்கிறது. நடு, மேல் சுருதிகளில் ஒட்டிய எடையைவிட நன்றாகத் தடுக்கும். ஒரே நிபந்தனை, இடுக்கு கூடாது. பரப்பில் 100-ல் 1 பங்கு திறந்திருந்தாலே மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது, மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி. 10 பங்கு திறந்திருந்தால் 10 டெசிபல்தான். அதனால் விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டுங்கள். வயர்க் கட்டு போகும் ஓட்டையைச் சுற்றி இறுக்கமாக வெட்டுங்கள்.

கேள்வி: கண்ணாடி வழியாகத்தான் எல்லாம் வருகிறது என்கிறார்களே. அப்படியென்றால் நீங்கள் இருவரும் போடும் கணக்கே வீண்தானே?

பதில்: 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, டோர் தகட்டைவிடக் கனம். ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும் அது பலவீனமாகிறது. அது காற்றுச் சத்தத்தின் இடம், அங்கேதான் லேமினேட் கண்ணாடி உதவும். சாலை உறுமலுக்குத் தரையே வழி. முழுக்க ஒட்ட விரும்புபவர் ஒட்டட்டும், கெடுதல் இல்லை. குறைந்த எடையில் அதிகப் பலன் வேண்டுபவருக்கு என் வரிசை: வீல் ஆர்ச், டிக்கி, தரை, பிறகு டோர். இந்த விவாதத்தை இதோடு விடுகிறேன்.

கேள்வி: ஃபோமும் வினைலும் போட்ட பிறகு கார்பெட் உட்காரவில்லை.

பதில்: ஓட்டுநர் காலடியில் மெல்லியதாக்குங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக் காலை எடுத்தால் அது தானாகத் தடையின்றி மேலே வர வேண்டும். கார்பெட் ஒரு மி.மீ. உரசினாலும் அங்கே போட்டதை எடுத்துவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

கேள்வி: நான்கு டோருக்கு எத்தனை ஷீட் வேண்டும்?

பதில்: மேலே சொன்ன வரிசையைப் பாருங்கள். டோர் கடைசி.

கேள்வி: பில்லருக்குள் ஸ்பிரே ஃபோம் அடித்து நிரப்பினால் சத்தம் நின்றுவிடுமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். பில்லருக்குள் திரை ஏர்பேக், சீட் பெல்ட் சுருள், வயர்கள், சன்ரூஃப் வடிகால் குழாய் எல்லாம் போகின்றன. ஃபோம் இறுகினால் திரும்ப எடுக்க வழியில்லை. ஈரத்தைப் பிடித்துத் துருவை வளர்க்கும். பிறகு அங்கே வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும். டோருக்குள்ளும் கூடாது. சில கார்களில் டோர் அறையின் காற்றழுத்தத்தை அளந்துதான் பக்கவாட்டு ஏர்பேக் இயங்குகிறது.

கேள்வி: தார் ஷீட் போதாதா, அதுவும் கறுப்பாகத்தானே இருக்கிறது?

பதில்: கூரையிலும் டோரிலும் வேண்டாம். வெயிலில் இளகும், நாறும், கழன்று விழும்.

கேள்வி: மழை பெய்தால் கூரை தகரக் கொட்டகை மாதிரி அதிர்கிறது.

பதில்: பியூட்டைல் மிக நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் உள்ள தகட்டில் பாதி மூடுங்கள். கூரைத் துணியை மடக்காமல் இறக்குங்கள், ஓரத்தில் உள்ள திரை ஏர்பேக்கின் பக்கம் எதையும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: டோர் பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) கூடுதலாக ஒட்டலாமா?

பதில்: காற்றுச் சத்தம் என்று உறுதியானால் ஒட்டலாம். டோர் இடுக்கு, கண்ணாடி ஓரம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எந்தப் பட்டையை எடுத்ததும் சத்தம் திரும்புகிறதோ, அதுதான் ஓட்டை. இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து டோரை மூடி அளந்து, அதைவிடச் சற்றே தடித்த பீடிங் வாங்குங்கள். ரொம்பத் தடித்தால் டோர் சரியாகப் பூட்டாது, கூடவே பழைய பீடிங்கும் நசுங்கிப்போகும்.

கேள்வி: பானட்டுக்கு அடியில் ஒட்டினால்?

பதில்: அது இன்ஜின் சத்தம். வேறு தலைப்பு.

கேள்வி: போன் ஆப்பில் அளந்தேன், ஒரு டெசிபல்தான் குறைந்திருக்கிறது. ஆனால் காதுக்கு நிறையக் குறைந்த மாதிரி இருக்கிறது.

பதில்: ஆப் பெரும்பாலும் காதின் உணர்வுக்கேற்ப 'ஏ' எடையில் காட்டும், தாழ்ந்த உறுமலை அது பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்குக் குறைந்தது அந்த உறுமல்தான். சுருதிவாரியாகக் காட்டும் ஆப்பில், அதே சாலை, அதே வேகம், அதே டயர் காற்று, ஏசி விசிறி நிறுத்தி, போனை ஒரே இடத்தில் கட்டி, முன்னும் பின்னும் மூன்று முறை அளந்து 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஒப்பிடுங்கள். அளக்கும்போது ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

கேள்வி: டோருக்கு எத்தனை ஷீட் என்று சொல்லவே இல்லையே?

பதில்: டோரின் வெளித் தகட்டை நீளம் அகலம் அளந்து, பரப்பில் கால் பங்கு. வடிகால் துளையை மூடாதீர்கள்.