அம்பாசடர் அடியில் ஆயில் கறை

கேள்வி: அப்பா ஓட்டிய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரை நான் இப்போது ஓட்டுகிறேன். தினமும் காலையில் தரையில் ஆயில் கறை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: முடியும். ஆனால் ஸ்பேனரை எடுக்குமுன் கசிவு எங்கே என்று பாருங்கள், ஏனென்றால் மேலே கசிவது வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் போய், வேறெங்கோ சொட்டும். எஞ்சின் நன்றாக ஆறியதும் மண்ணெண்ணெயால் துடைத்து, காய்ந்தபின் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, திருப்பரங்குன்றம் வரை ஓட்டி வாருங்கள். கசியும் இடம் ஈரமாகத் தெரியும்.

பெரும்பாலும் எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கார்க் கேஸ்கெட்தான். இறுக்கினால் நின்றுவிடும் என்று நட்டை முறுக்காதீர்கள், கார்க் பிதுங்கி இன்னும் கசியும். புதிதாகவே போடுங்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயையும் பாருங்கள்: அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல கேஸ்கெட் வழியாகவும் ஆயிலைத் தள்ளும்.

கசிவு, எஞ்சினோடு கியர்பாக்ஸ் சேரும் இடத்திலா? இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது, கிராங்கில் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டில்) வெட்டிய மரைதான் ஆயிலைத் திருப்பி அனுப்பும். இரண்டு சொட்டு என்றால் அடியில் அட்டையை விரித்துவிட்டு அப்படியே விடுங்கள். ஆயில் பட்டு கிளட்ச் வழுக்கினால் மெக்கானிக்கிடம் போங்கள்.

அப்புறம், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.