விடுப்பு எடுத்த வெள்ளிக்கிழமை சினூக்கை மூடிவிட்டார்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், சிரித்தது என்னை நினைத்து. நீங்கள் சியாட்டில் பக்கமுள்ள ரெட்மண்டுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. மீன்பிடி உரிமமும் புதுத் தூண்டிலும் வாங்கி, அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்கு விடுப்பும் சொல்லிவிட்டு, நண்பரின் படகில் சினூக் சால்மன் பிடிக்கப் போகக் காத்திருந்தீர்கள். ஆகஸ்ட் கடைசி வரை பிடிக்கலாம் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. வியாழக்கிழமை மாலை கைபேசியில் அறிவிப்பு வருகிறது: நாளை முதல் பத்தாம் பகுதியில் (சியாட்டிலை ஒட்டிய கடல்) சினூக்கை வைத்துக்கொள்ளக் கூடாது. "பருவம் தொடங்கிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லையே, இது என்ன நியாயம்? பழங்குடியினர் மட்டும் வலை போடலாமா? தெரியாமல் பிடித்து மாட்டிக்கொண்டால் விசாவுக்கு ஆபத்து வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சியாட்டில் பக்கம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் அறிவிப்பையாவது பார்த்தீர்கள். நான் ஒருமுறை அதையும் பார்க்காமல் போனவன். ஜூலை மாதம், காலை நாலரை மணி, காற்றே இல்லை, கடல் தாம்பாளம் போலக் கிடந்தது. அப்படிப்பட்ட காலையில் படகு இறக்கும் துறையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்க வேண்டும். ஒரு வண்டிகூட இல்லை. நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துப் படகைத் தண்ணீருக்குத் திருப்பினேன். காப்பிக் குவளையோடு நாயை நடத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என் படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நேற்றோடு சரி" என்றார். பின் இருக்கையில் என் மகன் புது வலைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு விளக்கிச் சொல்வதற்காகத்தான் இந்த விதிகளை நான் முதன்முதலில் ஒழுங்காகப் படித்தேன்.

நம் ஊர் மீன்பிடித் தடைக்காலம் நாள்காட்டியில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே தேதிதான். அந்தப் பழக்கத்தில் இந்த ஊர்ப் புத்தகத்தைத் திறந்தால் ஏமாந்துபோவோம். இங்கே அச்சிட்ட கடைசித் தேதிக்குப் பக்கத்திலேயே "அல்லது கோட்டா நிறையும் வரை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நாம் தேதியை மட்டும் படிக்கிறோம். உண்மையில் பருவத்தை முடிப்பது அந்தச் சின்ன வரிதான். இந்தப் பகுதியில் இத்தனை மீன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். பத்தாம் பகுதிக்குக் கோடைக்கால சினூக் என்றால் அது சில ஆயிரம் மீன்கள்தான். சியாட்டிலைச் சுற்றி எத்தனை படகுகள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வெயிலும் அமைதியான கடலுமாக இருந்தால் கணக்கு முடிந்துவிடும். காற்றும் மழையுமாக இருந்தால் அதே கோட்டா நெடுநாள் தாங்கும். அதனால் ஜூலையில் மோசமான வானிலை வந்தால் நான் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன், வீட்டில் சொல்வதில்லை.

சரி, யார் எண்ணுகிறார்கள்? படகை மேலே இழுக்கும்போது மஞ்சளோ ஆரஞ்சோ மழைச்சட்டை அணிந்து, கையில் அட்டையோடு ஒருவர் வருவாரே, அவரைச் சோதனை அதிகாரி என்று நினைத்து நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். அவர் வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்குத் துறையின் கணக்கெடுப்பாளர். படகில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை மீன் வைத்துக்கொண்டீர்கள், எத்தனையைத் திரும்ப விட்டீர்கள் என்று கேட்பார். பிறகு மீனை எடுத்து நீளம் அளந்து, செதிலில் கொஞ்சம் சுரண்டி உறையில் போட்டுக்கொள்வார். அடுத்து ஒரு கோல் போன்ற கருவியை மீனின் முகவாயில் மேலும் கீழும் தடவுவார். கருவி கூவினால், அந்த மீனின் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுக் கம்பித் துண்டு இருக்கிறது என்று பொருள். குஞ்சாக இருந்தபோது பண்ணையில் செலுத்திய குறி அது. மூக்கை மட்டும் அறுத்து வாங்கிக்கொள்வார். அதில் எந்தப் பண்ணை, எந்த ஆண்டு என்பது வரை தெரிந்துவிடும். முதல் முறை பார்த்தபோது என் மனைவி, "ஆதார் எண்ணா அது?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான்.

எல்லாப் படகுத் துறையிலும் எல்லாப் படகையும் எண்ண முடியாது. சில துறைகளில் எண்ணி, மொத்தப் படகுகளுக்கும் பெருக்கி மதிப்பிடுகிறார்கள். ஆகவே நிறைந்த பிறகு மூடுவதில்லை. இந்த வேகத்தில் போனால் எந்த நாளில் நிறையும் என்று கணித்து அதற்கு முன்னால் மூடுகிறார்கள். அதனால்தான் ஒருநாள் இரண்டுநாள் அவகாசத்தில் அறிவிப்பு வருகிறது. கணக்குப் பார்த்து மீதி இருந்தால் மறுபடி ஓரிரு நாள் திறப்பதும் உண்டு. அதையும் திடீரென்றுதான் சொல்வார்கள். அப்போது மட்டும் யாரும் நியாயம் கேட்பதில்லை.

இதில் பலருக்குப் புரியாத பகுதி ஒன்று இருக்கிறது. பியூஜெட் சவுண்ட் என்ற இந்தக் கடற்பகுதியில் நாம் வைத்துக்கொள்ளும் சினூக் பெரும்பாலும் பண்ணையில் பொரித்து விட்டது. முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் சதைப்பிடிப்பாக ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். பண்ணைக் குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிடுவார்கள். துடுப்பு இருந்தால் இயற்கையாகப் பிறந்த மீன் என்று கொண்டு விட்டுவிட வேண்டும், அதுவும் படகுக்குள் தூக்காமல் தண்ணீரிலேயே. இப்பகுதியின் சினூக் 1999 முதல் அழியும் அபாயமுள்ள இனமாகக் கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. இங்கே வாழும் ஓர்க்கா திமிங்கலக் கூட்டத்துக்கும் முக்கிய உணவு அதுதான். அந்தக் கூட்டம் 2005 முதல் பட்டியலில். தூண்டிலிலிருந்து விடுவித்த மீன் எல்லாமே பிழைப்பதில்லை. ஒரு பங்கு செத்துப்போகிறது. அந்தச் சாவுகளையும் சேர்த்துத்தான் கணக்கு. 22 அங்குலத்துக்குக் குறைந்த குட்டி சினூக்கையும் விட்டுவிட வேண்டும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. சில ஆண்டுகளில் பெரிய மீனின் கோட்டாவில் நிறைய மிச்சம் இருக்கும்போதே குட்டிகள் அதிகம் மாட்டியதால் மூடியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பக் காலத்தில் கணக்கெடுப்பாளர் "எத்தனை குட்டி விட்டீர்கள்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்பேன். உண்மையில் ஏழெட்டு மாட்டியிருக்கும். குறைத்துச் சொன்னால் பருவம் இன்னும் ஒரு வாரம் ஓடும் என்று கெட்டிக்காரத்தனம். படகுத் துறையில் பாதிப் பேர் அதே கெட்டிக்காரத்தனம் செய்கிறார்கள் என்பது மீன் துறை அதிகாரிகளுக்கும் தெரியும். அவர்களே சோதனைப் படகுகள் ஓட்டி, நிஜமாக எத்தனை குட்டி மாட்டுகிறது என்று பார்க்கிறார்கள். என் பொய்யால் பருவம் ஒருநாளும் நீளவில்லை. எங்கே குட்டிகள் கூட்டமாக இருக்கின்றன என்பதை அடுத்த ஆண்டுத் திட்டம் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ளாமல் போனதுதான் மிச்சம். இப்போது படகில் ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டுக்கொண்டே வருகிறேன்.

வலை விஷயம். படகுத் துறையில் நிற்கும் சிலர் இதைப் பற்றி மட்டமாகப் பேசுவார்கள்; அந்தப் பேச்சை நீங்கள் வாங்கிக்கொண்டு வராதீர்கள். 1850களில் இந்த நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, தங்கள் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைப் பழங்குடியினர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அது சரியாக மதிக்கப்படவில்லை; மீன்பிடித்ததற்காக மாநில அதிகாரிகள் அவர்களையே கைதும் செய்தார்கள். 1974இல் ஜார்ஜ் போல்ட் என்ற கூட்டரசு நீதிபதி, அறுவடை செய்யத்தக்க மீனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் அதன் சாரத்தை உறுதிசெய்தது. நீங்கள் பார்த்த வலை அவர்கள் பங்கில் ஓடுகிறது, அதற்கும் அளவும் நாளும் உண்டு. நம் பங்கு தீர்ந்தால் நாம் கரையில், அவர்கள் பங்கு தீர்ந்தால் அவர்கள் கரையில். ஒவ்வொரு வசந்தத்திலும் மாநிலமும் பழங்குடியினரும் உட்கார்ந்து பேசித்தான் பகுதி வாரியாக எண்களைப் பிரிக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் சில பொதுமக்களுக்கும் திறந்தவை. ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் ஊர் ஆற்று நீர்ப் பங்கீட்டுப் பேச்சைப் பார்த்தவருக்கு எல்லாம் பழக்கமாகத்தான் இருக்கும்.

ஹாலிபட் மீன் ஆசை வந்தால் அதன் கதை வேறு. அது எண்ணிக்கையில் அல்ல, எடையில் கணக்கு. அமெரிக்காவும் கனடாவும் 1923இல் ஒப்பந்தம் போட்டு அமைத்த ஓர் ஆணையம் ஆண்டுதோறும் மொத்த அளவை நிர்ணயிக்கிறது. அது கடற்கரைப் பகுதிகளுக்குப் பிரிந்து வருகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மீன். சராசரியைவிடப் பெரிய மீன்களாக வந்து விழுந்தால் அதே எண்ணிக்கையிலேயே பவுண்டு கரைந்து பருவம் சீக்கிரம் முடிந்துவிடும். பெரும்பாலும் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதும் இல்லை. கடற்கரைத் துறைமுக ஊரான வெஸ்ட்போர்ட்டில் வாடகைப் படகில் இடம் பிடிப்பதாக இருந்தால், முன்பணம் கட்டும் முன்பே "நாள் மூடிவிட்டால் பணம் என்ன ஆகும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு படகுக்காரரிடம் கேட்காமல் கட்டினேன். அவர் பணத்தைத் தரவில்லை. ஹாலிபட்டுக்குப் பதிலாகப் பாறை மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். மீன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

விசாக் கேள்விக்கு வருகிறேன். நான் மென்பொருள் எழுதுகிறவன், வழக்கறிஞர் அல்லன். ஆனால் இந்த மாநிலத்தில் மீன்பிடி விதிமீறல்களில் சில அபராதச் சீட்டோடு முடியும், சில குற்ற வழக்காகவே பதிவாகும். மூடிய பருவத்தில் மீனை வைத்திருப்பது விளையாட்டான விஷயம் இல்லை. பின்னாளில் குடியுரிமைப் படிவம் நிரப்பும்போது, இதுவரை எந்த அதிகாரியாவது உங்களுக்கு வழக்குச் சீட்டு கொடுத்தாரா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுத வேண்டியிருக்கும். சீட்டு வாங்கிவிட்டால் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டாமல் அபராதம் கட்டிவிடாதீர்கள். "தெரியாது" என்பது அங்கே எடுபடாது. அறிவிப்பு வந்தது முந்தைய நாள், நீங்கள் பிடித்தது இன்று, அவ்வளவுதான் வழக்கு. பிடித்த மீனைப் பதிவு அட்டையில் உடனே பேனாவால் எழுதுங்கள். படகு கரைக்கு வந்ததும் எழுதலாம் என்று விட்டு அபராதம் கட்டியவர்களைத் தெரியும். ஒன்றுமே பிடிக்காவிட்டாலும் அட்டைக் கணக்கை உரிம ஆண்டு முடிந்ததும் அனுப்ப வேண்டும்.

உரிமத்துக்குக் கட்டிய பணம் போச்சே என்று வருந்தியிருந்தீர்கள். போகவில்லை. உரிம ஆண்டு மார்ச் 31 வரை ஓடுகிறது, மூடியது சினூக் மட்டும். அறிவிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். கோஹோ சால்மன் திறந்தேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கமாக அப்படித்தான் செய்வார்கள். சினூக் மாட்டினால் மட்டும் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். இரண்டையும் பிரித்தறிய வாயைத் திறந்து கீழ் ஈறைப் பாருங்கள்: சினூக்குக்கு ஈறு கறுப்பு, கோஹோவுக்குப் பல்லடி வெளிறியிருக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளில் பிங்க் சால்மன் கூட்டம் கூட்டமாக வரும். அப்போது சினூக்கை யாரும் பெரிதாக நினைப்பதே இல்லை.

வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் கோஹோவுக்குப் போகிறேன், படகில் ஓர் இடம் இருக்கிறது. வெள்ளி இரவு நான் ஒருமுறை அறிவிப்பைப் பார்க்கிறேன், காலை நாலு மணிக்கு நீங்கள் ஒருமுறை பாருங்கள். பின்வளைந்த கூர் இல்லாத தூண்டில் முள் கட்டாயம். உங்களிடம் இருப்பது அப்படி இல்லையென்றால் குறடால் நசுக்கிக் கொண்டு வாருங்கள். காப்பி நான் எடுத்து வருகிறேன்.