டிரெய்லர், கூலர், ரோஸ்மில்க்: பிக்கப் வாசகர்களுக்குப் பதில்கள்

மே மாதம் பிறந்தால் போதும், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் டிரெய்லரைத் தூசி தட்டி வெளியே எடுப்பார்கள்; எனக்குக் கடிதம் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனியாக ஓர் ஆயில் கூலர், அதாவது கியர்பாக்ஸ் ஆயிலை ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர், மாட்டலாமா? வளைகுடாவிலிருந்து ஒன்று, ஊரிலிருந்து ஒன்று. வந்த வரிசையிலேயே பார்த்துவிடுவோம்.

கே: என் டிரக் ஏற்றத்தில் ரொம்ப சூடாகிறது. கூலர் போட்டால் சரியாகிவிடுமா? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

என்ன டிரக்? எந்த வருடம்? சூடாவது எஞ்சினா, கியர்பாக்ஸா, ஓட்டுகிறவரா? எஞ்சின் சூடாகிறது என்றால் ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட் என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு கூலரைக் கட்டினால், இருக்கிற காற்றையும் மறைத்த கதையாகும். அடுத்த முறை எழுதும்போது மாடல், வருடம், எஞ்சின், இழுக்கும் எடை, கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு என்று ஐந்தையும் எழுதுங்கள். காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் மருந்து எழுத நான் தயாரில்லை.

கே: 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 10 ஸ்பீடு. 5,000 பவுண்டு டிரெய்லர். டெக்சாஸ் சமவெளியில் இழுக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் 205 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. 175-ஐத் தாண்டினால் ஆயில் கெட்டுவிடும் என்கிறார் நண்பர். பெரிய கூலர் போடட்டுமா? (டாலஸ் வாசகர்)

எண்ணோடு எழுதியதற்கு முதலில் நன்றி. உங்கள் நண்பர் சொல்வது பழைய நாலு ஸ்பீடு காலத்துக் கணக்கு. 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஆயில் ஒரு லட்சம் மைல் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று பட்டறைச் சுவரில் அட்டவணையே தொங்கும். அந்தக் காலத்து ஆயிலுக்கு அது சரி. இப்போது வரும் மெல்லிய சிந்தெடிக் ஆயில் வேறு ரகம். அதை 200 டிகிரியை ஒட்டி ஓட வைக்கத்தான் கம்பெனியே உள்ளே தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) வைத்திருக்கிறது. சூடான மெல்லிய ஆயிலைச் சுற்றவைக்க பம்ப்புக்குச் சிரமம் குறைவு, மைலேஜ் கொஞ்சம் கூடும், அதற்காகத்தான்.

205 உங்கள் வண்டிக்குச் சாதாரணம். நீண்ட ஏற்றத்தில் 225-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் வேகத்தைக் குறையுங்கள். 240 என்றால் ஓரம் கட்டுங்கள். கூலருக்கு வைத்த பணத்தில் டிரெய்லருக்கு நல்ல பிரேக் கன்ட்ரோலர் வாங்கலாம்.

கே: என் டிரக் 5,000 பவுண்டுதான் இழுக்கலாம் என்கிறது புத்தகம். 7,500 பவுண்டு டிரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. 40,000 பவுண்டு என்று அட்டையில் போட்ட கூலர் மாட்டினால் இழுக்கலாமா? (அட்லாண்டா வாசகர்)

கூடாது.

கொஞ்சம் விளக்கம் சொல்லாவிட்டால் மறுபடியும் எழுதுவீர்கள், சொல்லிவிடுகிறேன். இழுக்கும் அளவை முடிவு செய்வது கியர்பாக்ஸ் மட்டுமல்ல. சேஸிஸ், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச், பின் ஆக்ஸில், டயர், பிரேக் எல்லாம் அதில் சேர்ந்தவை. எவ்வளவு எடை இழுக்கலாம் என்று சோதிக்க, ஜே-2807 என்று எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் வகுத்த ஒரு விதி இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று சொல்வார்கள்; 11 மைல் சொச்சத்தில் கிட்டத்தட்ட 3,000 அடி ஏறும் சாலை. வெயில் 100 டிகிரிக்குக் குறையாமல், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு, முழு எடையோடு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல், எதுவும் உடையாமல் ஏறிக் காட்ட வேண்டும். அந்த விதிப்படி எண் போட்ட டிரக்கில், அந்த எடைக்குத் தேவையான குளிர்ச்சி ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். அட்டையில் போட்ட 40,000 கூலர் கம்பெனியின் கணக்கு, உங்கள் டிரக்கின் கணக்கு இல்லை. ஏறுவதைப் பற்றியே யோசிக்கிறீர்கள். இறங்கும்போது 7,500 பவுண்டு பின்னால் நின்று தள்ளுமே, அதை எந்தக் கூலர் பிடிக்கும்?

கே: கியர்பாக்ஸ் போய்விட்டது என்று ரீபில்ட் செய்தேன். கிட்டத்தட்ட 4,000 டாலர். நாலே மாதத்தில் மறுபடி மூன்றாவது கியர் வழுக்குகிறது. "நீங்கள் தனிக் கூலர் போடவில்லை, அதனால்தான்" என்கிறார் மெக்கானிக். இப்போது போட்டால் தப்பிக்குமா? (சாக்ரமென்டோ வாசகர்)

இந்தக் கடிதம் எனக்கு வருடத்துக்கு நாலு வருகிறது. ஊர் மாறும், டிரக் மாறும், மெக்கானிக்கின் பதில் மட்டும் மாறாது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

உங்கள் முதல் கியர்பாக்ஸ் எப்படிச் செத்தது? கிளட்ச் தேய்ந்து பொடியாயிற்று, எங்கோ ஒரு பேரிங் அல்லது வாஷர் உதிர்ந்து தூளாயிற்று. அந்தத் தூள் எங்கே போகும்? ஆயிலோடு சேர்ந்து குழாய் வழியாகக் கூலருக்குப் போகும். கூலருக்குள்ளே பாதை குறுகல், போதாததற்கு ஆயிலைக் கலக்கிவிடுவதற்கென்று மடிப்பு மடிப்பாகத் தகடு வேறு வைத்திருப்பார்கள். வடிகட்டி மாதிரி அத்தனையும் அங்கே தங்கும். சரி, கியர்பாக்ஸை இறக்கிப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். கூலர்? அதே பழைய கூலர், அதே பழைய குழாய். வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடமே பழைய பிணத்தின் எலும்புத்தூள் புதுக் கியர்பாக்ஸுக்குள் வருகிறது. முடிபோன்ற இடைவெளியில் ஓடும் வால்வுகள் அதில் சிக்கினால் பிரஷர் குறையும், பிரஷர் குறைந்தால் கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் எரியும். நாலு மாதம் ஓடியதே பெரிது.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். கூலர் பாதி அடைத்திருந்தால் ஆயில் திரும்பி வரும் அளவு குறையும். பல கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் உள்ளே இருக்கும் கியர்களுக்கும் புஷ்களுக்கும் எண்ணெய் விடுகிறது. அது குறைந்தால் சூட்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, உலர்ந்தே தேயும்.

"ஏர் அடித்துச் சுத்தம் செய்தோம்" என்பார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் சேர்ந்த பட்டறையில் முதலாளி அப்படித்தான் செய்வார். ஒரு வாடிக்கையாளர் ஒரே டிரக்கோடு மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை நான் யாருக்கும் சொல்லாமல் அந்தக் கூலரை அறுத்துப் பார்த்தேன். ஒரு டீஸ்பூன் அளவுக்கு மினுமினுவென்று பொடி. கொண்டுபோய்க் காட்டினால், கூலரை ஏன் அறுத்தாய் என்று எனக்குத்தான் திட்டு. அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டேன். அடுக்குத் தகடு வகைக் கூலர் என்றால் இன்னும் மோசம். நாலு தகடு அடைத்திருந்தாலும், விடுகிற திரவம் மீதித் தகடுகள் வழியாகச் சுகமாகப் போய்விடும். சுத்தமான மாதிரி தெரியும், அடைத்தது அடைத்தபடியே இருக்கும்.

ஆகவே ஐயா, முதலில் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். கூலர் மாற்றியதாக அதில் ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் கேட்க வேண்டியது நீங்கள்தான், அவர் இல்லை. வாரண்டி காலம் முடியுமுன் எழுத்தில் கேளுங்கள். மறுபடி கட்டும்போது ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர், வெளிக்கூலர் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். குழாய்களைத் தனியாகக் கழுவ வேண்டும். திரும்பும் குழாயில் காந்தம் வைத்த சின்ன ஃபில்டர் ஒன்று போடச் சொல்லுங்கள், அதிகம் போனால் 30, 40 டாலர். எல்லாம் மாட்டிய பிறகு அந்தக் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, ஐடிலில் 20 விநாடிக்கு ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாத பட்டறைக்கு டிரக்கைக் கொடுக்காதீர்கள். புதுக் கூலர் போடுங்கள், தடையே இல்லை. பழையதைக் குப்பையில் போட்ட பிறகு போடுங்கள்.

கே: என்னிடம் 2007 நிசான் ஃப்ரான்டியர். ரேடியேட்டர் உடைந்து கியர்பாக்ஸில் தண்ணீர் கலக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (சார்லட் வாசகர்)

உண்மை. 2005 முதல் 2010 வரை வந்த ஃப்ரான்டியர், பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா மூன்றிலும் இது பேர் போன குறை. வழக்கு வரை போனது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விரிசல் விட்டால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். கிளட்ச் தகட்டில் ஒட்டியிருக்கும் காகிதப் படலத்தின் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். அப்புறம் கழுவி ஊற்றினாலும் பெரிய பலன் இல்லை.

கம்பெனி போட்ட பழைய ரேடியேட்டர் இன்னும் இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். உங்கள் ஊரில் குளிர் சுமார்தான் என்பதால், ரேடியேட்டரைத் தொடாமல் ஆயிலை வெளிக்கூலருக்கு மட்டும் திருப்பிவிடுவதும் ஒரு வழி. இந்த இதழில் நான் "கண்டிப்பாகப் போடுங்கள்" என்று சொல்லும் ஒரே ஆள் நீங்கள்தான்.

கே: மின்னசோட்டாவில் இருக்கிறேன். கோடையில் படகு இழுப்பேன். வெளிக்கூலர் போட்டால் குளிர்காலத்தில் கெடுதல் உண்டா?

உண்டு. மைனஸ் 20-இல் ஆயில் கூழ் மாதிரி இருக்கும். அதை இன்னும் குளிரவைத்தால் கியர் மாறுவது முரண்டும், டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆகத் தாமதமாகும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரை மட்டும் துண்டிக்காதீர்கள். குளிர்காலத்தில் ஆயிலைச் சூடேற்றுவதே அதுதான். ஆயில் முதலில் ரேடியேட்டருக்கு, பிறகு வெளிக்கூலருக்கு, பிறகு கியர்பாக்ஸுக்கு. அடுக்குத் தகடு வகையாகவும், 180 டிகிரி வாக்கில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாகவும் வாங்குங்கள். வாங்குமுன் கோடையில் படகோடு ஒரு நாள் ஓட்டி எண்ணைப் பாருங்கள். 200-ஐத் தாண்டவில்லை என்றால் இந்தப் பதிலை மறந்துவிடலாம்.

கே: எண்ணைப் பார், எண்ணைப் பார் என்கிறீர்கள். என் டிரக்கில் அந்த மீட்டரே இல்லையே? (சான் அன்டோனியோ வாசகர்)

வண்டிக் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. புளூடூத் கருவி 20, 30 டாலருக்குக் கிடைக்கும். ஆனால் கியர்பாக்ஸ் சூடு பொதுப் பட்டியலில் வராது. உங்கள் கம்பெனிக்கான அளவுகளைக் காட்டும் ஆப்தானா என்று பார்த்து வாங்குங்கள். எஞ்சின் சூட்டைப் பார்த்துவிட்டு "195தான், ஒன்றுமில்லை" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கே: வெள்ளிக்கிழமை மணல்மேட்டில் ஓட்டும்போது என் டொயோட்டா பிக்கப்பில் கியர்பாக்ஸ் ஆயில் விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை அணைத்துவிட்டேன். சரிதானா? கூலர் தேவையா? (ஷார்ஜா வாசகர்)

அணைத்தது தப்பு. பார்க்கில் போட்டு எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். பம்ப் ஓடினால்தான் ஆயில் கூலருக்குப் போய் ஆறும். விளக்கு அணைந்த பிறகு கிளம்புங்கள். (1990-களின் டாட்ஜ் ராம் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் வண்டியில் பார்க்கில் கூலருக்கு ஆயில் ஓடாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நியூட்ரலில் வையுங்கள்.)

சூட்டின் ஊற்று டார்க் கன்வர்ட்டர். எஞ்சின் வேகமாகச் சுற்றி, சக்கரம் மெதுவாக நகர்ந்தால், நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். மணலில் நடப்பது அதுதான். டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கினீர்களா? லோ ரேஞ்சில் ஓட்டினீர்களா? இரண்டையும் செய்து பார்த்தும் விளக்கு எரிந்தால் கூலர் போடுங்கள், தனி ஃபேன் உள்ளதாக. 10 கிலோமீட்டர் வேகத்தில் ஃபேன் இல்லாத கூலர் வெறும் அலங்காரம்.

கே: கூலருக்கு சாதாரண பெட்ரோல் ஹோஸ் போடலாமா? கூடவே வந்த பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் வழியாகக் குத்திக் கட்டலாமா?

இரண்டும் கூடாது. டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ஹோஸ் என்று அச்சடித்ததை மட்டும் போடுங்கள். சூடான ஆயில் எக்ஸாஸ்ட் குழாயில் சிந்தினால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் ஊசி ஆடி ஆடி ரேடியேட்டரைத் துளைக்கும். தகட்டுப் பட்டி வைத்து போல்ட் போடுங்கள். மாட்டிய பிறகு ஆயில் லெவல் பாருங்கள். புதுக் கூலரே அரை லிட்டர் வரை குடிக்கும்.

கே: ஐசுசு வி-கிராஸ், மேனுவல் கியர். தேங்காய் லோடு. கூலர் போடலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

மேனுவலில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது. கியர் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், போதும்.

கே: என் கணவர் 250 டாலருக்குக் கூலர் வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் டிரக் இதுவரை எதையும் இழுத்ததில்லை. வாரம் ஒரு முறை மளிகை வாங்கப் போவதோடு சரி. இது தேவையா? (ஃபீனிக்ஸ் வாசகி)

தேவையில்லை அம்மா. பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பில்லைத் தொலைத்திருந்தால் மாட்டிக்கொள்ளட்டும், உங்கள் ஊர் வெயிலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மாட்டிய பிறகு ஆயில் லெவல் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள்.