வேல்ஸ் முதல் வலாக்கியா வரை: ஒரு சொல்லின் வழித்தடம் (கேள்வி பதில்)

பிரிட்டனில் உள்ள வேல்ஸ், ருமேனியாவில் உள்ள வலாக்கியா: இரண்டு பெயருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெல்ஜியத்தின் வலோனியாவையும், போலந்துக்காரர்கள் இத்தாலிக்கு வைத்திருக்கும் 'வ்வோஹி' என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் 'வல்ஹஸ்' என்ற பழைய ஜெர்மானியச் சொல்லின் வாரிசுகள். அதன் மூலம் 'வோல்கே' என்ற கெல்ட்டிய இனக்குழுவின் பெயர் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவர்கள் மத்திய ஐரோப்பாவின் ஹெர்சீனியக் காட்டுப் பக்கம் வாழ்ந்ததாக ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஜெர்மானியர் வாயில் 'க' 'ஹ' ஆனது. பெயரும் கெல்ட்டியர் அனைவருக்கும் பரவியது. பின்னால் ரோம ஆட்சியில் 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் கெல்ட்டியர் லத்தீன் பேசத் தொடங்கவே, லத்தீன் வழிமொழி பேசுவோருக்கும் அதே பெயர் நிலைத்தது.

அந்தப் பொருளோடுதான் ஸ்லாவியர் (போலிஷ், செர்பியன், ரஷ்யன் போன்ற மொழிகளைப் பேசுவோரின் முன்னோர்) இதைக் கடன் வாங்கினார்கள். சான்று ஒலியிலேயே இருக்கிறது. செர்பியனில் 'வ்லாஹ்', போலிஷில் 'வ்வோஹ்' (எழுத்தில் இன்றும் ஒரு வகை 'ல்'), கிழக்கு ஸ்லாவில் 'வோலோஹ்'. 'வல்' என்பதில் 'ல்' உயிரெழுத்துக்கு முன்னால் போய்விட்டது; கிழக்கு ஸ்லாவில் அதன் இரு பக்கமும் உயிர். இப்போது பிராங்கிய அரசர் சார்லமேனின் பெயரான 'கார்ல்' என்பதைப் பாருங்கள். ஸ்லாவில் அது 'அரசன்' என்ற சொல்லானது: 'க்ரால்', 'க்ருல்', 'கோரோல்'. இங்கே 'ர்' இடம் மாறுகிறது: அதே புரட்டல், அதே மூன்று வடிவம். சார்லமேன் இறந்தது 814இல். அவர் பெயரும் இந்த மாற்றத்துக்குள் சிக்கியிருப்பதால் 'வல்ஹஸ்' எப்போது உள்ளே வந்தது என்பதையும் ஓரளவு கணிக்க முடிகிறது.

வால்நட்டில் வரும் 'வால்' சுவரா?

இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'வெயால்ஹ்-ஹ்நுத்து' ('வெயால்ஹ்' என்பது 'வல்ஹஸ்' என்பதன் ஆங்கில வடிவம்), அதாவது ரோமானியர் நாட்டுக் கொட்டை. போலிஷில் இன்றும் அதன் பெயர் 'இத்தாலியக் கொட்டை'தான்.

தமிழ் 'வல்லவர்' என்பதோடு தொடர்பு இருக்குமா?

இல்லை. ஒலி ஒத்தால் உறவு என்று ஆகிவிடாது. ஒழுங்கான ஒலிமாற்றத்தைக் காட்ட வேண்டும், இரண்டு மக்களும் எங்கே சந்தித்தார்கள் என்றும் காட்ட வேண்டும்.

'வேல்ஸ்' என்றால் வெறுமனே 'அந்நியர்' என்றுதானே எல்லோரும் எழுதுகிறார்கள்?

அது பாதி உண்மை. எல்லா அந்நியருக்கும் உரிய சொல் என்றால், ஜெர்மானியர் தங்கள் கிழக்கே இருந்த ஸ்லாவியரையும் அப்படித்தானே அழைத்திருக்க வேண்டும்? அவர்களுக்கு 'வெண்டர்' என்று தனிப் பெயர் இருந்தது. ஆஸ்திரியப் பேரரசில் டிரெண்டோ பக்கத்து இத்தாலியம் பேசுவோர் 'வெல்ஷ்' (இதே சொல்தான்). தெற்கு ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் இருந்த ஸ்லாவியரான ஸ்லொவேனியர் 'விண்டிஷ்' ('வெண்டர்' வழி வந்தது). இரு தரப்புமே அந்நியர்தான், ஆனால் பெயர்கள் ஒருபோதும் குழம்பவில்லை.

விடமாட்டேன்! பழைய ஆங்கிலத்தில் 'வெயால்ஹ்' என்றால் அடிமை என்றும் பொருள் உண்டே?

உண்டு, நல்ல கேள்வி. ஆனால் அது பின்னால் ஏறிய பொருள். இங்கிலாந்தின் பழைய அரசான வெஸ்ஸெக்ஸின் அரசன் இனேயின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டங்களில் ஒருவரைக் கொன்றால் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை, வெயால்ஹுக்கு ஆங்கிலேயனைவிடக் குறைவு. தோற்றவர் பெயர் தாழ்நிலையின் பெயரானது இப்படித்தான். பால்கனிலும் 'வ்லாஹ்' ஆட்டிடையனைக் குறிக்கலாயிற்று. அங்கே அந்த மக்கள் பலர் மந்தை மேய்த்தவர்கள். இனப்பெயர் முதலில், தொழிலும் தகுதியும் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. இன்னொன்று: வேல்ஸ்காரர் தங்களைச் சொல்வது 'கும்ரி', வலாக்கியர் சொன்னது 'ருமன்'. 'வல்ஹஸ்' வெளியார் ஒட்டிய பெயர்.

'வள்ளி', 'வல்லம்' இவற்றோடு...?

மூன்று கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது.

வோல்கா நதி?

சம்பந்தமில்லை. அதற்கு 'ஈரம்' என்ற பொருளுள்ள ஸ்லாவிய வேரைச் சொல்கிறார்கள்.

வாலஸ், வால்டர் என்ற பெயர்கள்?

வாலஸ் இந்தக் குடும்பம்தான். வால்டர் இல்லை; அது 'ஆளுதல்', 'படை' என்ற இரண்டு ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்தது.

ஜெர்மனில் காயடித்த குதிரைக்கு 'வலாஹ்' என்கிறார்களே?

அதுவும் இதுதான். அத்தகைய குதிரைகள் வலாக்கியாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். ஜெர்மானியர் கொடுத்த சொல் ஸ்லாவியர் வழியாகச் சுற்றி, குதிரையாக ஜெர்மனிக்கே திரும்பியிருக்கிறது.